இரட்டைக் குவளையும் இரட்டைப் பென்ஷனும்

எங்கள் வட ஆற்காட்டுப் பக்கத்தில் சேரிக்கு ஒரு மிலிட்டரிக்காரர் வீடாவது இருக்கும். அந்த வீட்டைப் பற்றி ஊர்த்தெருவில் வழங்குகிற வாசகம் ஒன்றும் இருக்கும். ‘அவனுக்கு இன்னா கொறச்சல்? ரெண்டு பென்ஷன் வாங்கறான். கேண்டீன்ல சரக்கு வருது. பையனுக்குக் கோட்டா. கவர்மெண்ட்டே அவன் வூட்டுக்குத்தான் ஒழைக்குது.’

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இதைப் பேசுகிற மனிதர்கள், அதே கடையில் நமக்குத் தனிக் குவளை வைத்திருந்த காலத்தில் அந்தப் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார்கள். சில ஊர்களில் இன்றைக்கும் குவளை போய்க் காகிதக் கப் வந்திருக்கிறதே தவிர பெஞ்சு அப்படியேதான் இருக்கிறது. இரட்டைக் குவளையைப் பார்த்து இவர்களுக்கு ஒரு நாளும் கணக்குக் கேட்கத் தோன்றவில்லை. இரட்டைப் பென்ஷன் என்றால் மட்டும் விரல் விட்டு எண்ணுகிறார்கள்.

ஊர்க்காரன் பேச்சுதானே, விட்டுத்தள்ளுங்கள் என்று தோழர்கள் சொல்லலாம். விட முடியாது. இதே பேச்சை இங்கிலீசில் டெல்லியில் பேசுகிறார்கள். பைல் போட்டுப் பேசுகிறார்கள். கடைசியில் சட்டமாக்கி நம் பிள்ளைகள் தலையில் இறக்குகிறார்கள். ஆகவே இந்த ‘ரெண்டு’ என்ற சொல்லைப் பிரித்துப் பார்ப்போம்.

பதினைந்து வருடம் பணி முடித்த சிப்பாய்க்கு ஓய்வூதியம் உண்டு. இது அவர் உழைத்த கூலியின் பாக்கி. மாதா மாதம் முழுசாகக் கொடுக்காமல் பிடித்து வைத்து, வயதான பிறகு கொடுக்கிறார்கள். ஓய்வூதியம் என்பது எஜமானன் மனசு வந்து போடுகிற பிச்சை இல்லை, அது உரிமை என்று நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1982 டிசம்பர் 17 அன்று சொல்லிவிட்டது. அந்தத் தேதியைப் பென்ஷன்காரர்கள் நாளாகவே கொண்டாடுகிறார்கள். இது ஒன்று.

பணியில் இருக்கும்போது கால் போனது, காது போனது, முதுகுத்தண்டு நசுங்கியது என்றால், அந்த உடம்புக்கான ஈடு இன்னொன்று. ராணுவத்தின் பாஷையில் முதலாவது பணிக்கூறு, இரண்டாவது ஊனக்கூறு. இரண்டும் சேர்ந்து வந்தால் ஊனமுற்றோர் ஓய்வூதியம். ஊனம் இருபது சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அது பணியால் வந்தது, அல்லது பணியால் மோசமானது என்று மருத்துவக் குழு எழுத வேண்டும். எழுதினால் உண்டு. எழுதாவிட்டால் இல்லை.

கூலி வேறு, நஷ்ட ஈடு வேறு. இது நமக்குப் புரியாத விஷயமே இல்லை. பண்ணையார் கிணறு வெட்டக் கூப்பிடுகிறார். மேலேயிருந்து கல் உருண்டு காலில் விழுகிறது. வைத்தியத்துக்கு ஐந்நூறு கொடுக்கிறார். வாரக் கடைசியில் கூலி கேட்கப் போனால், ‘அதான் வைத்தியத்துக்குக் குடுத்தனே, இன்னா கூலி?’ என்கிறார். நம் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து இந்தக் கணக்கைக் கேட்டு வருகிறோம். ‘ரெண்டு பென்ஷன்’ என்று பொருமுகிறவனிடம் இருப்பதும் இந்தப் பண்ணையார் கணக்குதான்.

பண்ணையார் நம்மூரில் மட்டும் இல்லை. அமெரிக்காவில் 1891இல் போட்ட சட்டம் ஒரே பணிக்கு இரண்டையும் வாங்கக் கூடாது என்றது. ஊனத்துக்கு எத்தனை டாலர் வருகிறதோ அத்தனை டாலரை ஓய்வூதியத்தில் பிடித்தார்கள். அதாவது சிப்பாய் தன் காலுக்கான ஈட்டைத் தன் கூலியிலிருந்தே தனக்குக் கொடுத்துக்கொண்டார். நூறு வருடத்துக்கு மேல் இது நடந்தது. 2004இலிருந்துதான், அதுவும் இருபது வருடம் பணி செய்து பாதி உடம்புக்கு மேல் ஊனமானவர்களுக்கு, பத்து வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பிடித்தத்தை நீக்கினார்கள். இரண்டும் வாங்குகிறவனை அங்கே ‘ரெண்டு தரம் முக்கி எடுக்கிறவன்’ என்று கேலி செய்வார்கள். நம்மூர் பெஞ்சுக்காரர்களுக்கு அந்தப் பக்கமும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்.

அதே நாட்டுக் கறுப்பினச் சிப்பாய்களை நம் இதழ்களில் நாம் போதுமான அளவு பேசவில்லை. இரண்டாம் உலகப் போர் முடிகிற சமயத்தில், 1944இல், திரும்பி வருகிற படைவீரர்களுக்குப் படிப்பு, வீட்டுக் கடன், தொழில் கடன் என்று பெரிய சட்டம் வந்தது. சட்டத்தில் எங்கேயும் நிறம் எழுதியிருக்கவில்லை. 1947இல் மிசிசிப்பி மாநிலத்தில் அந்தச் சட்டத்தின் உத்தரவாதத்தோடு கொடுக்கப்பட்ட கடன்கள் 3,229. அதில் கறுப்பருக்குக் கிடைத்தவை இரண்டு. இரண்டாயிரம் இல்லை தோழர்களே, இரண்டு. சட்டத்தின் எழுத்தில் சாதி இருக்காது. எழுதுகிற கையில் இருக்கும். கடன் மனுவை வாங்குகிற மேசையில், சான்றிதழ் கொடுக்கிற பேனாவில் இருக்கும்.

அந்தப் பேனாவுக்கு வருகிறேன். எங்கள் நைனா சேப்பர். மதராஸ் சேப்பர்களில் நம்மவர்கள் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே இருக்கிறார்கள். பாலம் போடுவது, பாறையை வெடிப்பது, கண்ணி எடுப்பது. மற்ற படை நடந்து போக வழி செய்துவிட்டு ஓரமாக நிற்கிற வேலை. நைனா பதினெட்டு வருடம் அந்த வேலை செய்தார். மலைப்பாதைக்கு வெடி வைத்து வைத்து இரண்டு காதும் மந்தமாகிவிட்டன. ஊருக்கு லீவில் வந்தால் அம்மா தோட்டத்திலிருந்து கூப்பிடுவது அவருக்குக் கேட்காது. நாங்கள் ஓடிப்போய்த் தோளைத் தொடுவோம். 1989இல் ஓய்வு. வெளியே அனுப்புகிற மருத்துவக் குழு அவர் காதைச் சோதித்து, ஊனம் இருபது சதவீதம் என்று எழுதியது. பக்கத்துக் கட்டத்தில் நான்கு எழுத்து எழுதியது: என்.ஏ.என்.ஏ. பணியால் உண்டானதும் அல்ல, பணியால் அதிகமானதும் அல்ல என்பதற்கு அது சுருக்கம். பட்டாளத்தில் அதைச் சேர்த்து ‘நானா’ என்பார்கள்.

நைனா பத்தாவது வரைதான் படித்தவர். ஆனால் பேச்சில் யாரும் ஜெயிக்க முடியாது. ‘வெடி வெச்சது நானு. காத குடுத்தது நானு. பேப்பர்ல மட்டும் நானான்னு கேட்டு எழுதிக்கிறான்’ என்பார். சேர்க்கும்போது அதே ராணுவம்தான் காதில் கடிகாரம் வைத்துப் பார்த்து, கண்ணில் விளக்கடித்துப் பார்த்து, முதல்தரமான உடம்பு என்று முத்திரை குத்தி எடுத்தது. பதினெட்டு வருடம் கழித்துக் காது போனால், அது சேரித் தண்ணீரால் போயிருக்கலாம், பரம்பரையால் போயிருக்கலாம், பட்டாளத்தால் மட்டும் போயிருக்காது. இந்தத் தர்க்கத்துக்குப் பெயர் மருத்துவம்.

சேர்ந்தபோது நோய் இருப்பதாகக் குறித்து வைக்காவிட்டால், பிறகு வந்த நோயைப் பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லை என்று காட்ட வேண்டிய பொறுப்பு சிப்பாயுடையது அல்ல என்று 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்த வருடம், 2014 டிசம்பரில், ராம் அவதார் வழக்கு. ஊனச் சதவீதத்தைக் குத்துமதிப்பாகக் குறைத்து எழுதி ஏமாற்றக்கூடாது என்பதற்காக, ஐம்பதுக்குக் கீழே இருந்தால் ஐம்பது, அதற்கு மேல் எழுபத்தைந்து வரை எழுபத்தைந்து, அதற்கும் மேல் நூறு என்று வைத்துக்கொள்ளும் ஏற்பாடு 1996இலிருந்து கணக்கில் இருந்தது. ஆனால் உடம்பு முடியாமல் பாதியில் அனுப்பப்பட்டவருக்குத்தான் அது, முழுப் பணி முடித்து ஓய்வு பெற்றவருக்கு இல்லை என்றது அரசு. ரெண்டு வாங்குகிறானே என்ற அதே வயிற்றெரிச்சல், கோட்டு போட்டுக்கொண்டு நீதிமன்றத்தில் நின்றது. உச்ச நீதிமன்றம் அரசின் நூற்றுக்கணக்கான மேல்முறையீடுகளை ஒரே கட்டாகத் தள்ளியது.

இதைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். தேசபக்தி என்று தொண்டை கிழியக் கத்துகிற அரசு, கை கால் போன தன் சொந்தச் சிப்பாய்க்கு மாதம் சில ஆயிரம் கொடுக்கக் கூடாது என்பதற்காக, வக்கீலுக்குப் பீஸ் கொடுத்து, நூற்றுக்கணக்கான வழக்குகளில் உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆகஸ்டு பதினைந்துக்குக் குண்டூசியால் கொடி குத்திக்கொள்கிறவர்கள் யாரும் அன்றைக்கு வாய் திறந்ததாக எனக்கு நினைவில்லை.

நைனாவுக்குக் கிடைத்தது. ஓய்வு பெற்று இருபத்தாறு வருடம் கழித்து. பழைய பாக்கி மூன்று வருடத்துக்கு மட்டும். மீதி இருபத்துமூன்று வருடம் அரசுக்கு லாபம்.

சரி, இரண்டும் வாங்குகிறவர்களில் நல்லாய் வாங்குகிறவர்கள் யார்? இங்கேதான் பெஞ்சுக்காரர்கள் சத்தமில்லாமல் பீடி பற்ற வைத்துக்கொள்கிறார்கள்.

மத்திய தணிக்கை அதிகாரியின் அறிக்கை 2023இல் வெளிவந்தது. 2015-16 முதல் 2019-20 வரை ஓய்வு பெற்றவர்களைப் பார்த்தது. அதிகாரிகளில் 36இலிருந்து 40 சதவீதம் பேர் ஊனக்கூறோடு வெளியே போயிருக்கிறார்கள். அதிகாரிக்குக் கீழே உள்ளவர்களில் 15இலிருந்து 18 சதவீதம். பனியில் நிற்பவன், மூட்டை தூக்குபவன், கண்ணி மேல் கால் வைப்பவன் யார்? அவனுக்கு ஆறில் ஒன்று. கூடாரத்துக்குள் வரைபடம் பார்ப்பவருக்குப் பத்தில் நாலு. அதிகாரிகளின் ஊனங்களில் முன்னுக்கு நிற்பவை ரத்தக்கொதிப்பும் சர்க்கரையும். இளம் அதிகாரிகள் சிப்பாய்க்கு முன்னால் நின்று குண்டு வாங்கிச் செத்திருக்கிறார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கணக்கு குண்டுக் கணக்கு இல்லையே.

அவர்கள் ஏமாற்றினார்கள் என்றும் நான் சொல்லவில்லை. பட்டாள வாழ்க்கையின் அழுத்தத்தில் ரத்தக்கொதிப்பு வரும். வரட்டும், ஈடு கொடுங்கள். என் கேள்வி வேறு. அதிகாரியின் ரத்தக்கொதிப்பு தேச சேவையால் வந்தது என்றால், சிப்பாயின் ரத்தக்கொதிப்பு கருவாடு தின்றதால் வந்ததா? அழுத்தம் என்ற சொல் அதிகாரி உடம்புக்கு மட்டும் பொருந்துவது எப்படி? மருத்துவக் குழுவில் உட்கார்ந்திருப்பவர் அதிகாரி. மனு எழுதத் தெரிந்தவர் அதிகாரி. எந்தக் கட்டத்தில் எதை எழுதினால் என்ன வரும் என்று விதிப்புத்தகம் படித்தவர் அதிகாரி. நம்மாள் கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டுவிட்டு ரயில் வாரண்டை வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிடுகிறார்.

விலைப்பட்டியலையும் பாருங்கள். ஏழாவது ஊதியக் குழு, நூறு சதவீத ஊனத்துக்கு மாதாமாதம் அதிகாரிக்கு 27,000, இளநிலை அதிகாரிக்கு 17,000, மற்ற படியினருக்கு 12,000 என்று மூன்று படி வைத்தது. ஒரே கண், மூன்று விலை. வர்ணாசிரமத்தை மனப்பாடம் பண்ணின தேசத்தில் இது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. சண்டை வந்தது, ஆனால் இதற்காக வரவில்லை. முன்பு கடைசிச் சம்பளத்தில் முப்பது சதவீதம் என்று இருந்தது. சிவில் ஊழியருக்குச் சதவீதம் தொடர்கிறது, எங்களுக்கு மட்டும் ஏன் படி என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். 2017இல் அரசு பழைய சதவீதத்துக்கே திரும்பியது. இப்போது கணக்குப் போடுங்கள். நாற்பதாயிரம் சம்பளத்தில் முப்பது சதவீதம் 12,000. ரெண்டு லட்சம் சம்பளத்தில் 60,000. மூன்று படி வைத்தபோதுகூட அதிகாரியின் கண் சிப்பாயின் கண்ணைப் போல இரண்டேகால் மடங்குதான். சதவீதத்துக்குத் திரும்பியதும் இந்தக் கணக்கில் ஐந்து மடங்கு. கூலிக்கு ஏற்றத்தாழ்வு இருக்கிறது என்றால் புரிந்துகொள்கிறேன். வெட்டுப்பட்ட காலுக்குக் கூடவா பதவி?

தணிக்கை அறிக்கை வந்த அதே 2023இல், செப்டம்பர் 21 அன்று, பாதுகாப்பு அமைச்சகம் புது விதிகளைக் கொண்டு வந்தது. காயத்தோடு பணியில் தொடர்ந்து பிறகு ஓய்வு பெறுகிறவருக்கு இனிமேல் ‘ஊனக்கூறு’ இல்லையாம். ‘பாதிப்பு நிவாரணம்’ என்று பெயராம். வெள்ளத்தில் குடிசை போனால் கொடுப்பது நிவாரணம். கொடுப்பவர் நின்று போட்டோ எடுத்துக்கொள்வது நிவாரணம். உரிமையின் பெயரை மாற்றுகிறவன் அடுத்து அளவை மாற்றுவான் என்பது இடஒதுக்கீட்டுக்குச் ‘சலுகை’ என்று பெயர் வைத்ததைப் பார்த்த நமக்குத் தெரியும். கணக்கில் கோளாறு மேல்தட்டில் என்று தணிக்கைக்காரர் எண்ணோடு காட்டினார். கத்தரிக்கோல் எல்லோர் மேலும் விழுந்தது. தாங்கும் தெம்பு யாருக்கு இருக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை.

(பென்ஷன் கொடுக்கிற புதுக் கணினி முறைக்கு இவர்கள் வைத்த பெயர் ‘ஸ்பர்ஷ்’. தொடுதல் என்று அர்த்தம். நம்மைத் தொடுவதற்கு இத்தனை காலம் கழித்து ஒரு கம்ப்யூட்டர் வந்திருக்கிறது. அதுவும் கைரேகை தேய்ந்த கிழவர்களைத் தொட மறுக்கிறது.)

‘பையனுக்குக் கோட்டா’ என்ற அடுத்த பொருமலுக்கு வருவோம். மத்திய அரசுப் பணியில் முன்னாள் படைவீரருக்கு மூன்றாம் நிலைப் பணிகளில் பத்து சதவீதம், நாலாம் நிலைப் பணிகளில் இருபது சதவீதம் என்று ஒதுக்கீடு இருக்கிறது. சிப்பாய் நிலையில் வெளியே வந்தவர் அந்த வேலையில் சேர்ந்தால், அவர் பென்ஷனைக் கணக்கில் எடுக்காமல்தான் சம்பளம் நிர்ணயிக்க வேண்டும் என்பதும் விதி. சரியான விதி. ஆனால் சாதி இந்துக்கள் சேரிக்காரனைப் பார்த்துச் சொல்வது, ‘எஸ்.சி. கோட்டாவும் அவனுக்கு, மிலிட்டரி கோட்டாவும் அவனுக்கு’ என்று.

முழுப் பொய். மாணவத் தோழர்கள் இதைத் தெளிவாகப் படித்து வைத்துக்கொள்ள வேண்டும். முன்னாள் படைவீரர் ஒதுக்கீடு படுக்கை ஒதுக்கீடு. அதில் தேர்வாகிறவரை அவரவர் பிரிவிலேயே வைத்து எண்ணுவார்கள். எஸ்.சி. பிரிவு முன்னாள் சிப்பாய் அதில் வந்தால் எஸ்.சி. இடத்தில் ஒன்று கழியும். முற்பட்ட சாதி முன்னாள் சிப்பாய் வந்தால் பொதுப் பிரிவில் வைப்பார்கள். இரண்டு வாசல் வழியாக நம்மாள் இரண்டு இடத்தைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. அவருக்குக் கிடைப்பது ஒரே ஒரு நாற்காலி, அதுவும் நம் பந்தியிலிருந்து எடுத்துப் போட்டது. முற்பட்ட சாதி சுபேதாரின் நாற்காலியை மட்டும் யாரும் கோட்டா நாற்காலி என்று சொல்வதில்லை. அவருக்கு அது தேசம் செலுத்தும் நன்றி. நமக்கு என்றால் சலுகை. ராணுவத்துக்குள்ளே எஸ்.சி. இடஒதுக்கீடே கிடையாது என்பதையும் இந்த இடத்தில் சொல்லி வைக்கிறேன். ராஜபுத்திரப் படை, ஜாட் படை என்று சாதிப் பெயரில் ரெஜிமெண்ட் இருக்கும். ஒதுக்கீடு கேட்டால் மட்டும் ராணுவத்தில் சாதி இல்லை என்பார்கள்.

இரண்டு மூன்று பென்ஷனை எண்ணிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் சட்டமன்றப் பக்கம் போகலாம். பஞ்சாபில் ஒவ்வொரு முறை ஜெயித்ததற்கும் தனியாகப் பென்ஷன் ஏறிக்கொண்டே போனதை 2022இல்தான் சட்டம் போட்டு ஒன்றாக்கினார்கள். அவர்கள் எந்தப் பாறையையும் வெடிக்கவில்லை.

இனி நம் தோழர்களோடு ஒரு சண்டை. இந்தக் கட்டுரை எழுதுவதாகச் சொன்னபோது இயக்கத் தோழர் ஒருவர் கேட்டார்: ‘அரசின் ஒடுக்குமுறைக் கருவிதானே தோழர் ராணுவம். அதில் சேர்ந்தவனுக்குப் பென்ஷன் கூடுதலா குறைவா என்பது நம் பிரச்சினையா?’ கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. எந்த மக்கள் மேல் துப்பாக்கி நீட்டச் சொல்கிறார்கள் என்பதை நாம் கேட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும். கேண்டீன் பாட்டிலோடு வந்து இறங்கி, சேரிக் கூட்டத்துக்கு வராமல், ஊர்க்காரனோடு சீட்டாடப் போகிற மிலிட்டரிக்காரர்களையும் நான் பார்த்திருக்கிறேன். ஆனால் மீதிப் பாதி அந்தத் தோழருக்குத் தெரியவில்லை.

சேரிக்குள் பண்ணையார் கை படாமல் வந்த முதல் பணம் எது? பட்டாளத்துப் பணம். கூலியை அவன் நிறுத்தலாம். நிலத்தை அவன் பிடுங்கலாம். பஞ்சாயத்தில் அபராதம் போட்டு ஊரை விட்டுத் தள்ளலாம். தபால்காரர் கொண்டு வருகிற மணியார்டரை அவனால் நிறுத்த முடியாது. பறையடிக்க வரமாட்டேன், செத்த மாடு தூக்க வரமாட்டேன் என்று எங்கள் பக்கத்தில் முதலில் சொன்ன வீடுகள் எவை என்று விசாரித்துப் பாருங்கள்.

மராட்டியத்தில் இதற்கு வரலாறே இருக்கிறது. கோபால் பாபா வலங்கர் மகர் சாதியில் பிறந்த ராணுவப் பென்ஷன்காரர். 1886இல் ஓய்வு பெற்றுத் தபோலியில் குடியேறினார். 1888இல் தீட்டு என்ற கருத்தையே உடைத்துப் புத்தகம் போட்டார். சாதி இந்துவின் சோற்றை நம்பியிருந்தால் அந்தப் புத்தகம் வந்திருக்குமா? மகர்களைப் படையில் சேர்ப்பதை வெள்ளை அரசு 1890களில் நிறுத்தியபோது அதை எதிர்த்து மனு எழுதியவர்கள் இப்படிப்பட்ட பென்ஷன்காரர்கள். அவர்களில் ஒருவர் சுபேதார் ராம்ஜி சக்பால். அவர் மகன் பள்ளிக்கூடத்தில் கோணியில் உட்கார்ந்து படித்ததை நாம் எல்லா மேடையிலும் சொல்கிறோம். அந்தப் படிப்புக்கான செலவு ஒரு ராணுவப் பென்ஷனிலிருந்து ஆரம்பித்தது என்பதைச் சொல்வதில்லை. அந்த மனுக்களில் வலங்கரும் ராம்ஜியும் கேட்டது இரக்கம் இல்லை, மாதச் சம்பளமும் பென்ஷனும் தருகிற வேலை. கதவைத் திறந்து மறுபடி மகர் படை அமைக்க 1941 ஆனது. 1943இல் தொடங்கிய சமார் படையை 1946இலேயே கலைத்துவிட்டார்கள்.

இப்போது கதவு மூடப்படுவது வேறு விதமாக. 2022 ஜூன் 14 அன்று அக்னிபத் திட்டத்தை அறிவித்தார்கள். சிப்பாய் நிலையில் சேர்க்கை இனிமேல் நாலு வருடத்துக்கு. நாலு வருட முடிவில் நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வரைதான் உள்ளே. மற்ற எழுபத்தைந்து பேர் கையில் பன்னிரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான தொகையோடு வெளியே. அதிலும் ஐந்து லட்சத்துச் சொச்சம் மாதா மாதம் அவன் சம்பளத்தில் முப்பது சதவீதம் பிடித்து வைத்த அவன் பணமே. பென்ஷன் கிடையாது. பணிக்கொடை கிடையாது. முன்னாள் படைவீரர் என்ற பெயரும் கிடையாது. ஆகவே முன்னாள் படைவீரருக்கான ஆஸ்பத்திரி, கேண்டீன், கோட்டா எதுவும் கிடையாது. பணியால் ஊனமானால் நூறு சதவீதத்துக்கு 44 லட்சம், எழுபத்தைந்துக்கு 25, ஐம்பதுக்கு 15 என்று ஒரு தரம் கொடுத்துக் கணக்கை முடித்துவிடுவார்கள். இருபத்தொரு வயதில் ஒரு கால் போன பையன் எழுபது வயது வரை அந்தப் பதினைந்து லட்சத்தில் சாப்பிட வேண்டும். விலைவாசி ஏறினால் அகவிலைப்படி இல்லை. அவன் செத்தால் பெண்டாட்டிக்குக் குடும்ப ஓய்வூதியம் இல்லை.

அதிகாரி சேர்க்கையில் இந்த அக்னி மூட்டப்படவில்லை. நிரந்தரப் பணி அதிகாரிக்குப் பென்ஷன் அப்படியே இருக்கிறது.

ரெண்டு பென்ஷன் ரெண்டு பென்ஷன் என்று இத்தனை வருடம் பெஞ்சில் உட்கார்ந்து முணுமுணுத்தவர்களின் ஆசை இப்படி நிறைவேறியிருக்கிறது. ரெண்டில் ஒன்றைக் குறைக்கவில்லை. இரண்டையும் எடுத்துவிட்டார்கள். அந்தப் பெஞ்சுக்காரனின் பிள்ளையும் இப்போது அதே நாலு வருட வரிசையில் நிற்கிறான் என்பது அவனுக்கு எப்போது உறைக்கும் என்று தெரியவில்லை. உறைக்கிற வரை நாம் காத்திருக்கவும் முடியாது.

மாணவத் தோழர்களுக்கு வேலை இருக்கிறது. உங்கள் சேரியில் முன்னாள் சிப்பாய்கள் வீட்டுக்குப் போங்கள். டிரங்குப் பெட்டியில் டிஸ்சார்ஜ் புக் இருக்கும், பி.பி.ஓ. இருக்கும். அவர் எந்த மருத்துவ நிலையில் வெளியே வந்தார் என்று பாருங்கள். முதல்தரம் இல்லை என்றால், ஓய்வு நேரத்து மருத்துவக் குழு அறிக்கையை, ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப். 16 என்ற படிவத்தை, அவருடைய ரெக்கார்டு ஆபீசிலிருந்து தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். ஊனம் எத்தனை சதவீதம், பணியால் வந்ததா என்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்ற இரண்டையும் பாருங்கள். இருபதும் அதற்கு மேலும் போட்டு ‘நானா’ என்று எழுதியிருந்தால், தரம்வீர் சிங் தீர்ப்பைச் சேர்த்து முதலில் மனு, நிராகரித்தால் சென்னையில் இருக்கிற ராணுவத் தீர்ப்பாயம். இருபதோ முப்பதோ போட்டு அந்த அளவுக்கே பணம் வந்துகொண்டிருந்தால், ராம் அவதார் தீர்ப்பைச் சேர்த்து ஐம்பதாக்கக் கேளுங்கள். புருஷன் பணியிலேயே செத்து, சாவும் பணியால் அல்ல என்று எழுதப்பட்ட பெண்களின் வீட்டுக்கு முதலில் போங்கள். சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் முப்பது சதவீதம், பணியால் நேர்ந்த சாவு என்று நிரூபித்தால் அறுபது. பழைய பாக்கி, வழக்குப் போடுகிற தேதியிலிருந்து பின்னால் மூன்று வருடம் வரைதான் கிடைக்கும் என்று 2008இல் தர்சேம் சிங் வழக்கில் தீர்ப்பாகியிருக்கிறது. ஆகவே பொங்கல் லீவு வரட்டும் என்று தள்ளிப் போட்டால், போகிற ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதப் பணம் அவர்களுக்குத் திரும்பி வராது.